சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள்

சுவர் காயவில்லை.

சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும், வெயில் ஏற ஏற வெளுத்துக்கொண்டு வரும். மலாக்கா வெயிலுக்கு அது ஒரு வேலையே இல்லை. முன்னறை காய்ந்துவிட்டது, சமையலறை காய்ந்துவிட்டது, வாசல் தூண்கூடக் கல்யாண வீட்டுத் தூணாகப் பளிச்சென்று நின்றது. பின்னறையின் உள்சுவர் மட்டும் அடித்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, மங்கலாக, நசநசவென்று, பச்சைச் சுண்ணாம்பின் காரமான வாடையோடு நின்றது. சந்திரமதி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரச்சுவர் குளிர்ந்திருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல்காரன் முதுகைத் தொட்ட மாதிரி இருந்ததால் வெடுக்கென்று கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பின்னால வாய்க்கா ஓடுதுல்ல, ஓதம் ஏறியிருக்கும்" என்றான் அவள் கணவன் சேதுராமன். அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருப்பவன். "மெர்டேக்காவுக்குக் கொடி ஏத்துறதுக்குள்ள காஞ்சிடும், விடு. ஆனா ஆளு நல்லா அடிச்சிருக்கான். தரையில ஒரு சொட்டு இல்ல. யாரு, எந்த ஊரு ஆளு?"

"தெரியலைங்க. ரோட்டுல போன ஆளு."

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். சொல்லி முடித்ததும் பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுட்ட கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த நீளமான, மூச்சிழுப்பு போன்ற 'ஸ்ஸ்ஸ்'. சேதுராமன் காதில் அது விழவில்லை. அவன் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அதைக் கேட்டுத்தான் அவள் பிறந்தாள். ஈப்போ பக்கத்தில் நட்டக்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றின் அடியில், காளவாயில் கல் சுடுகிற மருதமுத்துவின் ஒரே மகள் அவள். மலையில் உடைத்த கல்லை அடுக்கி, விறகு மூட்டிச் சுடுவார்கள். வெந்த கல்லில் தண்ணீர் பட்டால் அது கொதித்து, சீறி, மாவாக உதிரும். அந்த மாவுதான் சுண்ணாம்பு. அது அப்பாவின் கையைத் தின்றது, கண்ணைச் சிவக்க வைத்தது, இமை மயிரை வெளுக்க வைத்தது. அம்மா போன பிறகு மலாக்காவில் இருந்த தாய்மாமன் அவளை அழைத்து வந்து படிக்க வைத்தார், கிராணி மாப்பிள்ளையும் பார்த்தார். பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, கல்லுமலைக் கம்பெனியில் கிராணி என்று மாமா கூசாமல் சொன்னார். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை? அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டுக்கு ரோடு தடை, வர முடியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படியே சொல்லுங்க. பொண்ணு நல்லா இருந்தா சரி" என்றாராம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு போடுகிறவளுக்கு மனசு இருந்தால் போதும். மாமனார் வந்தால் பலகை போட்டு உட்கார வைத்து, விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, விசிறிக்கொண்டு நின்றவள்தான் சந்திரமதி. சொந்த அப்பனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், வந்து பாருங்கள் என்று ஒரு வாய்ச்சொல்கூடச் சொல்லி அனுப்பவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது பழமொழிதான். இங்கே சுண்ணாம்பு நிஜமாகவே அந்தக் கண்ணில் இருந்தது.

அவர் சொல்லாமலேதான் வந்தார்.

மெர்டேக்கா வருகிறது, நாட்டுக்குச் சுதந்திரம், தெருவே வெளுப்பாக இருக்க வேண்டும் என்று காஜா பேராங் தெரு முழுக்க எல்லோரும் வீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி வேலியோரம் வந்து, தன் வீட்டுக்குக் கட்டப்போகும் காகிதத் தோரணத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸரின் மனைவி. அவள் காதில் விழுந்த செய்தி பொழுது சாய்வதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். அவள் தோளுக்கு மேலே, தெரு முனையில், தோளில் கோணிச் சாக்கும் கையில் ஒரு பெரிய பம்பளிமாஸ் பழமுமாக ஒருவர் வருவதைச் சந்திரமதி பார்த்தாள். காக்கி அரைக்கால் சட்டை, அதில் பாதி வெள்ளை. நடையை வைத்தே தெரிந்துவிட்டது. நெஞ்சு பொங்கியது; பொய்யில்லை. 'வாங்கப்பா' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "யாரு இது, இங்க வரான்?"

"சுண்ணாம்பு அடிக்க வரச்சொன்னேன்க்கா" என்றாள் சந்திரமதி. பிறகு குரலை உயர்த்தி, "வாப்பா, பின்பக்கமா வா" என்றாள்.

தமிழில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. கூலிக்காரனைக் கூப்பிடவும் அதே அப்பாதான். 'வாங்கப்பா' என்பதில் நடுவில் ஒரு 'ங்க' போனால் பெற்றவன் போய் வேலைக்காரன் வந்துவிடுவான். அவளுக்கே அது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

மருதமுத்து நின்றார். வெளுத்த இமைகளைக் கொட்டி மகளைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவளின் நகைகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"சரிங்கம்மா" என்றார்.

அவள் விட்ட 'ங்க'வை அவர் எடுத்துக்கொண்டார்.

தனியாக இருக்கும்போது காலில் விழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பாக்கியலட்சுமி விட்டால்தானே! வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பின்வாசல் படியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். மருதமுத்து பழத்தைப் படியோரம் வைத்தார். சாக்கிலிருந்த சுட்ட கல்லை மண்ணெண்ணெய் தகரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். தகரம் சீறிக் கொதித்தது.

"அம்மாடி, உயிரு இருக்கிற மாதிரி கத்துதே!" என்றாள் பாக்கியலட்சுமி.

"இருக்குங்கம்மா. கடல்ல இருந்த நத்தையும் சிப்பியும்தான் மலையா ஆயிருக்குன்னு எங்க வெள்ளைக்காரத் தொரை சொல்லுவாரு. கல்லை உடைச்சா ஓடு தெரியும். அதைச் சுட்டாலும் சாகாது. சுவத்துல பூசினா காத்தைக் குடிச்சி மறுபடியும் கல்லாயிடும். யாரும் அதை இல்லைன்னு ஆக்க முடியாதுங்க."

"பேச்சு பெருசா இருக்கே! பிள்ளைகுட்டி உண்டா?"

"ஒரு பொண்ணு இருந்திச்சிங்க."

"இருந்திச்சா? இப்ப?"

அவர் கிண்டுவதை நிறுத்தவில்லை. "இப்ப நல்லா இருக்காங்கம்மா" என்றார்.

சந்திரமதி தகரக் குவளையில் தேநீர் கொண்டுபோய்க் கீழே வைத்தாள். கூலிக்கு வருகிறவர்களுக்கென்று தனியாக இருந்த குவளை. வேறு குவளையில் கொடுத்திருந்தால் பாக்கியலட்சுமி கவனித்திருப்பாள்.

அவர் வீடு முழுக்க அடித்தார். கடைசியாகப் பின்னறை. எதிர்வீட்டுக்காரியை எப்படியாவது கிளப்ப வேண்டும் என்று, "உங்க புதுத் திரைச்சீலையைக் காட்டுங்கக்கா" என்று சந்திரமதியே அவளை அழைத்துக்கொண்டு போனாள். போனவளை அவள் லேசில் விடவில்லை. திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தகரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பு பின்வாசலில் அப்படியே கிடந்தது.

பின்னறையின் சிமெண்டுத் தரையில் வெள்ளைக் காலடிகள். வாசலிலிருந்து உள்சுவர் வரை. விரல்கள் சுவரைப் பார்த்திருந்தன. கடைசி இரண்டும் சுவரோடு சுவராக ஒட்டி, முன்பாதி இல்லாமல் இருந்தன. திரும்பி வந்த தடம் எதுவும் இல்லை.

அவள் யோசிக்கவில்லை. கணவன் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று ஈரத்துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தாள். போய்விட்டார் என்று நினைத்தாள். முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்காமல், தலை வாரும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

பழத்தை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். சேதுராமன் ஆபீஸ் போன ஒரு காலையில், அதையாவது மரியாதையாகத் தின்போம் என்று எடுத்து அறுத்தாள். தோல் மெத்தென்று வழிவிட்டது. அதன் பிறகு கத்தி கரகரத்தது. பலம் கொண்டு பிளந்தாள். சுளைகள் அழகாக அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றும் வெள்ளைக் கல். ஒன்றைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பளபளவென்று பட்டை பட்டையாக மின்னியது. காளவாய்ப் பக்கத்துக் குகைகளில், கூரையிலிருந்து சொட்டுகிற நீர் உறைந்து நிற்குமே, அந்த மினுமினுப்பு. குகைக்குள் ஒரு துளி கல்லாக எத்தனையோ தலைமுறை ஆகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்தப் பழம் ஒரு வாரம்கூட இருந்திருக்கவில்லை. அவள் அதை வாய்க்காலில் போட்டாள்.

அன்று சாயங்காலம்தான் இன்னொன்றைக் கவனித்தாள். இரண்டு வீடு தள்ளி அப்துல் சமது குடும்பம். அவர் கடையடைத்து வருகிற நேரத்தில் அவர் மகள் அஸ்மா வாசலுக்கு ஓடிவந்து, "வாப்பா!" என்று கத்துவாள். அவர்கள் வழக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தினமும் காதில் விழுவதுதான். அன்று அந்தக் குரல் எழுந்ததும் பின்னறையில் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டது.

விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். சுவர் நடுவில் லேசாக உப்பியிருந்தது.

வாப்பா. அப்பா என்று ஒரு பிள்ளை கூப்பிடுகிறது. வா என்றும் அதற்கு அர்த்தம். அவள் சொன்ன அதே சொல். கூப்பிட்டால் வர வேண்டியதுதானே!

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும். அஸ்மா கூப்பிடுவாள், சுவர் மூச்சு விடும், மேடு இன்னும் கொஞ்சம் முன்னே வரும். அறை மூலைகளில் வெள்ளைத் துளிகள் திரண்டு, நுனி கூர்ந்து, பற்களாக நின்றன. குடத்துத் தண்ணீரில் ஏடு படிந்தது. சோற்றில் கல் கடிபட்டது. "அரிசியைச் சரியாப் பாரு" என்று சேதுராமன் சொன்னான், அவ்வளவுதான். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை பார்க்க வந்தார். பக்கத்தில் செட்டிக் கம்பம் என்ற கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். பெயர் தமிழ்ப்பெயர், பேச்சு மலாய். உப்பிய இடத்தில் கை வைத்தவர் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார். "ஹிடோப் லாகி இனி" என்றார். இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நீறாத சுண்ணாம்பைத்தான் சொன்னார். அதைச் சிரித்துச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. பின்வாசல் பக்கம் போகாமல் முன்வாசலாகவே வெளியேறினார்.

மேட்டுக்கு வடிவம் வந்தது. முதலில் ஒரு வளைவு. பிறகு அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம், இருபுறமும் எலும்புகள். பாரம் தூக்கித் தூக்கி வலது பக்கம் சாய்ந்த தோள். சுவரைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

சொல்லிவிடலாம், கணவனிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்தாள். ஒன்றும் இல்லை, ஒரே வாக்கியம். அவர் எங்க அப்பா. ஆனால் அதைத் தொடர்ந்து வரப்போகிற கேள்விகள், மாமனாரின் முகம், பாக்கியலட்சுமியின் சிரிப்பு, தகரக் குவளை! வாயைத் திறந்தால் நாக்கு வெந்த மாதிரி எரிந்தது. கண்ணாடியைத் திருப்பி நாக்கை நீட்டிப் பார்த்தாள். நடுவில் வெள்ளை.

மெர்டேக்காவுக்கு முதல் நாள். சேதுராமன் ஆபீஸ் அலங்கார வேலைக்குப் போயிருந்தான். மதியத்திலிருந்தே மழை இறங்கி, பொழுது இருக்கும்போதே வீடு இருட்டிவிட்டது. தெருவில் யார் வீட்டு ரேடியோவோ மலாயில் பாடிக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து விழும் தண்ணீர், வாய்க்கால் இரைச்சல், ஈரமண் வாடை, அதற்கெல்லாம் மேலே அந்தக் காரமான சுண்ணாம்பு வாடை மூக்கையும் கண்ணையும் எரிய வைத்தது. சாமி விளக்கேற்றி விட்டுச் சந்திரமதி பின்னறை வாசலில் வந்து நின்றாள். அஸ்மா கூப்பிட்டாள்.

"வாப்பா!"

சுவர் சீறியது. இந்த முறை முதுகு மட்டும் இல்லை. தலை. காது மடல். பின்கழுத்தில் அவள் சின்ன வயதில் தோளில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட அந்தக் குழி.

அவளுக்குப் பயம் போய் அழுகை வந்தது. எத்தனை நாளாக இப்படியே நிற்கிறார்! பின்பக்கமாக வா என்று சொன்னவள் அவள். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் எப்படி வருவார்? அவமானத்தில் உடம்பெல்லாம் கொதிக்க, அவள் முன்னே போய், அந்த வெதுவெதுப்பான தோளில் கை வைத்தாள்.

"அப்பா" என்றாள். "வாங்கப்பா. உள்ள வாங்க."

மழை நின்றுவிட்டது போல எல்லாச் சத்தமும் அடங்கியது. தோள் அவள் கைக்கடியில் அசைந்தது. மெதுவாக, கல்லும் கல்லும் உரசுகிற சத்தத்தோடு, அது திரும்பியது. மூடிய கண்கள். வெளுத்த இமைகள். வாயோரத்தில் அவர் சிரிக்கப் போகும்போது வருகிற கோடு. மகளைக் கும்பிடுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டு கைகளும் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தன.

"சந்திரமதி!" முன்வாசலில் பாக்கியலட்சுமி. "இருட்டுல யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்க?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. ஆனால் பழகிய வாய்.

"யாரும் இல்லக்கா" என்றது அது. "அந்தச் சுண்ணாம்பு அடிக்கிற ஆளு."

வாயோரக் கோடு மறைந்தது.

கண்கள் திறந்தன. கருமணி இல்லை.

வலது கை மேலே போனது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அகன்று, நுனி சுண்ணாம்பு அடிக்கிற மட்டைபோல நார் நாராகப் பிரிந்து சொட்டிக்கொண்டிருந்தது. இடது கை அவள் தோளைப் பிடித்துச் சுவரில் சாய்த்தது. மென்மையாகத்தான் பிடித்தது. சுவர் அவளுக்கு இடம் விட்டது.

நெற்றி. மேலிருந்து கீழ்.

சூடு.

கன்னம். மறுபடியும் கன்னம். விட்ட இடத்தில் இன்னொரு தரம்.

அப்பா, என்றாள். வாய் நிறைந்தது. அப்பா. நாக்கு நகரவில்லை.

கழுத்து. தோள். கை விரல்கள், ஒவ்வொன்றாக. அவசரம் இல்லாத கை. வேலை தெரிந்த கை.

பாக்கியலட்சுமி ஒரு கையில் விளக்கும் மறுகையில் வெற்றிலையுமாக உள்ளே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சந்திரமதியையும் பார்த்தாள், நேராக, முகத்துக்கு முகம். அவள் பார்வை அங்கே நிற்கவில்லை.

"எங்க போச்சி இந்தப் பொண்ணு? இப்பதானே பேசிக்கிட்டு இருந்திச்சி. வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க, வெத்தலைக்குச் சுண்ணாம்பு இல்லாம சுசாவா போச்சி, பெரிய தொந்தரவு."

விளக்கைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஈரச் சுண்ணாம்பைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது. நீலம் கலக்காத நல்ல கல் சுண்ணாம்பு. சந்திரமதி கத்தினாள், சத்தம் வரவில்லை. இமையைக் கொட்டினாள், கொட்டவில்லை. பக்கத்தில், தோளோடு தோளாக, வெதுவெதுவென்று யாரோ நின்றுகொண்டிருந்தார்.

பாக்கியலட்சுமி ஆள்காட்டி விரலை நீட்டி, சந்திரமதியின் கீழுதட்டிலிருந்து கொஞ்சம் வழித்து, வெற்றிலையில் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.